ஆடி வெயிலில் இழுத்துப் போட்ட வத்தை

நான் வயற்கரைப் பிள்ளை. உருத்திரபுரத்தில் வாய்க்கால் வரம்புகளில் ஓடித் திரிந்தவளை, பூநகரிக் கரையில் வத்தை ஓட்டுகிற ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வத்தை என்றால் பலகை வைத்துக் கட்டிய, பாய் ஏற்றி ஓட்டுகிற பெரிய தோணி. நெல், விறகு, வைக்கோல் என்று பூநகரியில் ஏற்றி, ஆழமில்லாத பரவைக்கடலைக் கடந்து யாழ்ப்பாணப் பக்கத்தில் இறக்கிவிட்டு வருவது இவருடைய தொழில். ஐம்பதுகளின் கடைசி அது. ஆனையிறவு வழியாக லொறிகள் ஓடினாலும், எங்கள் கரையோரத்து நெல்லுக்கு வத்தைதான் கிட்டின வழி.

இவருடைய தகப்பனின் பழைய வத்தை உக்கிப் போயிருந்தது. அதனால் சீதனப் பேச்சில் இவர் காணியும் கேட்கவில்லை, நகையும் கேட்கவில்லை. புது வத்தைக்குப் பலகை எடுக்க உதவினால் போதும் என்றார். என் ஐயா, என்னைப் பெற்றவர், தன் இரண்டு சோடி எருதுகளையும் விற்றுக் கொடுத்தார். கமக்காரன் மாட்டை விற்பதென்றால் சும்மா விஷயமா? அந்த மாரிக் காலபோக விதைப்பு முழுக்க அடுத்த வளவு மாடுகளை இரவல் வாங்கித்தான் உழுதார். கேட்கிற ஆட்களிடம், "என்ரை மாடுகள் பூநகரியிலை தண்ணிக்கு மேலை நிக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு பயம் இருந்ததென்று எனக்குத் தெரியும்.

அறுவடை மாதங்களில் நானும் இவரோடு வத்தையிலேயே இருந்தேன். காற்று வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும், இறக்குகிற கரையில் வண்டில் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்; வீட்டுக்கு எங்கே போவது? மண் நிரப்பின தகரப் பெட்டிக்குள் மூன்று கல் வைத்து அடுப்பு. குடிதண்ணீர் ஒரு பானை. அதில் முகம் கழுவினால் இவருடைய முகம் கறுத்துப் போகும். காற்று விழுந்துவிட்டால் நீளக் கம்பை நிலத்தில் ஊன்றி, நெஞ்சால் தள்ளித் தள்ளி மூட்டைகளோடு எங்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நெஞ்சில் அந்தக் கம்பு பட்ட இடம் காய்த்துப்போய்க் கிடந்தது. முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் கூலியைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பாதி காசாகவும் பாதி நெல்லாகவும் கிடைக்கும். கிடைத்த கையோடு பாய்ச்சீலை கிழிந்திருக்கும், கயிறு அறுந்திருக்கும், அடிப்பலகைக்குப் பூசச் சுறா எண்ணெய் வேண்டும், கூட வருகிற இரண்டு வேலையாட்களுக்கும் கொடுக்க வேண்டும். சீலைத் தலைப்பில் நான் முடிகிற முடிச்சு ஒரு பாக்களவுக்குக்கூட வராது. எனக்கு வாய் சும்மா கிடக்காது. உழைக்கிறது நாங்கள், தின்னுகிறது வத்தையா என்று பொரிந்து தள்ளுவேன்.

"அது முதல்லை தின்னட்டும்," என்பார் இவர். "அதின்ரை வயிறு காய்ஞ்சா எங்கடை வயிறும் காயும்."

வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் ஏற்றுவதற்கு நெல்லும் இல்லை, கடலும் சரியில்லை. கரையிலுள்ள ஆண்கள் எல்லாரும் கூலிக்குப் போய்விடுவார்கள். இவர் ஆனையிறவு உப்பளத்துக்குப் போனார். நான் பிள்ளைப்பேற்றுக்கு உருத்திரபுரம் போனேன். மகள் பிறந்து துடக்குக் கழிந்த கையோடு, பூநகரிப் பக்கமிருந்து வந்த ஒரு வண்டில்காரர் படலையில் நின்றபடியே சொன்னார், எங்கள் வத்தை கரையோரத்தில் தண்ணீருக்குள் தாண்டு கிடக்கிறதென்று.

ஐயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. விடியவே இரவல் மாடுகளை வண்டிலில் பூட்டினார். பச்சைப் பிள்ளைக்காரி எங்கே போகிறாய் என்று அம்மா கத்தக் கத்த நானும் பிள்ளையோடு ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் வண்டில்காரர் சொன்னது சரிதான். இடுப்பளவு தண்ணீருக்குள் வத்தை அமிழ்ந்து கிடந்தது. உள்ளே முழுக்கக் கல். அதைக் கண்டதும் ஐயாவுக்குக் கண் சிவந்துவிட்டது. எவனோ பொறாமை பிடித்தவன் கல்லைப் போட்டு மூழ்கடித்துவிட்டான் என்று கரையில் நின்று திட்டித் தீர்த்தார். ஆண்கள் எல்லாரும் கூலிக்குப் போயிருக்க, கேட்கத்தான் ஆளில்லை. பிள்ளையை வண்டிலில் கிடத்திவிட்டு நானும் இறங்கினேன். கல்லையெல்லாம் அள்ளிப் போட்டோம், தண்ணீர் இறைத்தோம், மாடுகளைக் கட்டி இழுத்தோம். வத்தை முழுதாக மணலில் ஏறியபோது ஐயா வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வடிவாகக் காயட்டும் என்று ஒரு பக்கம் சரித்தும் விட்டார்.

இரண்டு நாள் ஆடி வெயில் அதில் விழுந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் இவர் உப்பளத்திலிருந்து நடந்து வந்தார். வத்தையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பலகைக்குப் பலகை வெடித்து, இடையில் அடைத்திருந்த பஞ்சும் குங்கிலியமும் உதிர்ந்து கிடந்தன. முன்பக்கத்து இணைப்பில் அவருடைய சின்னவிரல் உள்ளே போனது. இப்போது கடவுளே, இந்த மனிசன் ஐயாவை என்ன சொல்லப் போகிறாரோ என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முதலில் பிள்ளையைக் கேட்டார். வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு, பிறகுதான் ஐயாவிடம் திரும்பினார்.

"மாமா, கல்லுப் போட்டது நான்தான். வெயிலிலை கிடந்தா பலகை சுருங்கிப்போம். தண்ணிக்குள்ளை கிடந்தா ஊறி இறுகி இருக்கும். சோளகத்துக்கு இந்தக் கரையிலை எல்லாரும் தாட்டுத்தான் வைக்கிறவை."

ஐயா குனிந்து உதிர்ந்த பஞ்சைப் பொறுக்கத் தொடங்கினார். எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே. அதை எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் என்ன குறைந்தா போய்விடும் என்று பிடித்துக்கொண்டேன். உங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் கட்டுவதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டா கட்டுகிறீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். நியாயம்தானே.

உப்பளத்தில் உழைத்ததெல்லாம் பஞ்சுக்கும் குங்கிலியத்துக்கும் எண்ணெய்க்கும் போனது. இணைப்புகளை அடைத்து, வத்தையை மறுபடி தண்ணீருக்குள் இறக்கினார்கள். இந்த முறை கல்லுச் சுமந்து போட்டவர் ஐயா; போட்டுவிட்டுத்தான் உருத்திரபுரம் திரும்பினார். வெடித்த பலகை ஊறிச் சேருமா, தை மாதத்தில் ஒரு மூட்டையாவது ஏற்ற முடியுமா என்று வெளியில் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. சேராவிட்டால் வத்தை விறகுதான். ஐயாவின் மாடுகளும் அதோடு சரி.

கூலிக்குப் போன ஆட்கள் திரும்பி வந்ததும் கதை பரவிவிட்டது. வத்தைக்காரன் வீட்டில் பிறந்தவன் ஆடி வெயிலில் வத்தையைக் காயப் போட்டானாம் என்று கரையெல்லாம் ஒரே பகிடி. இவர் ஒருவரிடமும் ஐயாவின் பெயரை எடுக்கவில்லை. புத்திகெட்டுப்போய் நான்தான் இழுத்தனான் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். ஒரு பிடி சோற்றில் உப்புக் கூடினால் முறைக்கிற மனிசன், ஊரே சிரித்ததை அப்படியே விழுங்கிவிட்டார். அவர் மேல் எனக்கு இருந்த மதிப்பு அந்த மாதங்களில்தான் மலைபோல ஏறியது.

தை பிறந்து வத்தையை எடுத்த அன்று ஐயா தன் புது நெல்லையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தண்ணீரை இறைத்துத் துடைத்து முடித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, முன்பக்கத்தில் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் குந்தினார். மூட்டை ஒவ்வொன்றாக ஏற, வத்தை பதிந்துகொண்டே போனது. ஐயா பலகையில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசி மூட்டையும் ஏறிய பிறகு இணைப்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டும் கசியவில்லை.

அப்போது மூட்டை ஏற்றிய ஒருவர் இவரைப் பார்த்து, வாற ஆடிக்கும் வெயிலில் காயப் போடுகிற யோசனையோ என்று கேட்க, நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். ஐயா எழும்பினார். இத்தனை மாதமும் நடந்த பகிடி அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"இழுத்துப் போட்டது நான். என்ரை மாடுகள் தாண்டு போச்செண்டு நினைச்சு, மூளையில்லாமல் இழுத்தனான். இவர் காப்பாத்தினது வத்தையை மட்டுமில்லை, என்ரை மானத்தையும்."

மூட்டை ஏற்றியவர்கள் கரைக்கு இறங்கினார்கள். இவர் அந்தப் பக்கமே பார்க்காமல் பாய்க்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு சொன்னார்:

"மாமா, இருங்கோ. காத்து வந்திட்டுது."