கட்டைவிரலைத் தோற்கடித்த வாளிகள்

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்து சில வருடம் கழித்து, மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் வைத்தான். ஓட்டுச்சாவடியில் இருந்த இளைஞர் ஒருவர், சீட்டில் எந்த இடத்தில் குறி போட வேண்டும் என்று எனக்கு மூன்று தடவை விளக்கினார். சேலை கட்டியவளுக்கு ஓட்டைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தம்பி, நான் ஓட்டுப் போட்டவ மட்டும் இல்ல, நின்னு ஜெயிச்சவ" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அது ஜப்பான்காரன் ஆண்ட காலம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்பக்கம், இருபத்து மூன்று வீடுகள் உள்ள ஒரு சந்தில் குடியிருந்தோம். தமிழர் வீடுகள் அதிகம், சீனர் வீடு ஆறு, மலாய்க்காரர் வீடு இரண்டு. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தார். மாமனாரும் எங்களோடு இருந்தார். எனக்கு வயிற்றில் ஏழு மாதம், தலைப்பிள்ளை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று என் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு வளர்ச்சி போதவில்லை, எப்பாடு பட்டாவது தினம் ஒரு வேளை சோறு சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சோற்றுக்கு அரிசி வேண்டுமே. வாரத்துக்கு ஒரு மூட்டைதான் சந்துக்கு வரும். அதை வீட்டுக்கு வீடு அளந்து கொடுக்க ஒரு தெருத் தலைவரை ரேஷன் ஆபீஸில் நியமித்திருந்தார்கள். முனைவீட்டில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். பால் டின்னில்தான் அளப்பார். டின்னைப் பிடிக்கும்போது அவருடைய கட்டைவிரல் டின்னுக்குள்ளே இருக்கும். நல்ல தடித்த விரல். அந்த விரல் அடைத்துக்கொண்ட இடத்து அரிசி யாருக்கும் கிடைக்காது. எங்கள் வீட்டுக்கு வாரம் ஆறு டின். வீட்டுக்கு வந்து நான் திருப்பி அளந்து பார்த்தால் ஐந்துதான் தேறும்.

நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "அண்ணே, விரலை வெளிய எடுத்துட்டு அளங்க லா." அவர் முகம் கறுத்துப் போயிற்று. மூட்டையே குறைவாகத்தான் வருகிறது, நிறைத்து அளந்தால் கடைசி வீட்டுக்காரன் வெறும் பையோடு போவான், சம்மதமா என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசி வீடாக யார் இருக்க விரும்புவார்கள்?

மறுநாள் நான் ஒரு காலி பால் டின்னை எடுத்துக்கொண்டு ரேஷன் ஆபீஸுக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கதவைப் பூட்டியிருப்பார். ஜப்பான் அதிகாரி முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டேன். அந்த வயிற்றோடு வளைவது லேசான காரியமில்லை. பிறகு டின்னுக்குள் கட்டைவிரலை விட்டுக் காட்டினேன். அவன் டின்னை வாங்கித் தன் விரலை விட்டுப் பார்த்தான். எடுத்தான். மறுபடி விட்டுப் பார்த்தான். என்னைத் திட்டப் போகிறானா அடிக்கப் போகிறானா என்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்த தமிழ்க் கிராணி எனக்குச் சொன்னார்.

"அக்கா, சந்துக்காரங்களே ஒரு ஆளைச் சொல்லணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு பேருதான் வரணும். சண்டை வந்துச்சுன்னா உங்க சந்துக்கு அரிசியே கிடையாதாம்."

ஆள் யார்? ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லி நழுவினார்கள். கடைசியில், டின்னைத் தூக்கிக்கொண்டு போனவளே அளக்கட்டும் என்று பெண்கள் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். பழைய தலைவரும் விடவில்லை, நானும் நிற்கிறேன் என்றார். நாலு பேர் கூடி நின்றாலே என்ன பேச்சு என்று விசாரிக்கிற காலம் அது. கூட்டம் போட முடியாது, கை தூக்க முடியாது. எப்படித்தான் முடிவு செய்வது?

வழி சொன்னது எதிர்வீட்டில் தௌஃபு என்கிற சோயாக்கட்டி செய்து விற்ற சீன அக்கா. எங்கள் சந்துக்கு ஒரே ஒரு தெருப்பைப். விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதனால் வீட்டுக்கு ஒரு வாளியை முன்கூட்டியே வரிசையில் வைத்துவிட்டுப் போவோம். யார் வாளி எது என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் பழைய தலைவருக்கு வேண்டியவர்கள் பைப்புக்கு இடதுபக்கம் வாளி வைக்கட்டும், எனக்கு வேண்டியவர்கள் வலதுபக்கம் வைக்கட்டும் என்று மலாயில் சொன்னாள். வாளி வரிசையை எந்தப் போலீஸ்காரன் தடுப்பான்?

பழைய தலைவர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் கணக்கு வேறு. மூன்று நாளும் வீடு வீடாகப் போய் ஆண்களைப் பார்த்தார். சிலருக்குச் சுருட்டு, சிலருக்கு மிரட்டல். இருபது வீட்டு ஆண்கள் தலையாட்டியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பொய்யில்லை. என் வீட்டுக்காரரே ஆட்டியிருக்கிறார்! வியாழக்கிழமை சாயங்காலம் அதை அவர் என்னிடம் ஒப்புக்கொண்டபோது, கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். கையில் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஆனால் அந்தப் பெரிய மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் சந்தில் எந்த ஆண்பிள்ளையும் வாளி தூக்கியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை. கடிகாரத்தில், எங்கள் பழைய நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடும் ஜப்பான் நேரம் ஏழு மணி, வெளியே இன்னும் இருட்டு. முதலில் சீன அக்காவின் மரவாளி வலதுபக்கம் வந்து உட்கார்ந்தது. அடுத்து மலாய்க்கார வீட்டுப் பெண்மணியின் இரும்பு வாளி. அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய் டின்கள் ஒவ்வொன்றாக வந்தன. வைத்துவிட்டுப் பெண்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். விடிந்ததும், பேரை வாங்கிப் போக வந்த ரேஷன் ஆபீஸ் கிராணியே எண்ணினார். வலதுபக்கம் பதினெட்டு. இடதுபக்கம் நான்கு. ஒரு வாளி மட்டும் நேராகப் பைப்புக்கு அடியில் இருந்தது. அது வாத்தியார் வீட்டு வாளி. பாவம், அந்தம்மா பயந்த சுபாவம்.

பழைய தலைவர் குதித்தார். பொம்பளைகள் வைத்த வாளி செல்லாது, ஆம்பளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார். கிராணி ஆண்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். அவர்கள் ஆளாளுக்குத் தங்கள் வீட்டு வாளியைப் பார்த்தார்கள். பிறகு என் வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டு வாளி வச்ச இடத்துலயே இருக்கட்டும்." கல்யாணமாகி அன்றைக்குத்தான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அடுத்த வாரம் மூட்டை வந்து பைப்படியில் இறங்கியது. பழைய தலைவர் சொன்னது உண்மையாக இருந்து, மூட்டையே குறைவாக இருந்தால்? அதனால் ஒரு முடிவு செய்தேன். என் வீட்டை இருபத்து மூன்றாவதாக வைத்துக்கொண்டேன். குறைந்தால் என் பங்கில் குறையட்டும். வயிற்றில் இருந்ததிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் டின்னைக் கையில் எடுத்தேன்.

டின்னை வெளிப்பக்கமாகப் பிடித்தேன். இருபது ஜோடிக் கண் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தது. நிறைய அளந்து, தலைதட்டி, பையில் கொட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் மூட்டை தளர்ந்துகொண்டே வந்தது. இருபத்திரண்டாவதாகப் பழைய தலைவர் வந்து பையை நீட்டினார். அவருக்கும் அதே டின், அதே அளவு. அவர் டின்னைப் பார்க்கவில்லை, மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பங்கு. நாலு டின் சுலபமாக வந்தது. ஐந்தாவதுக்குச் சாக்கைச் சாய்த்தேன். ஆறாவதுக்குச் சீன அக்காவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினோம். அரிசி ஏறி ஏறி டின்னின் விளிம்புக்கு வந்து நின்றது.

சாக்கைத் தலைகீழாகப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். ஒரு மணி அரிசி இல்லை. சந்தே கைதட்டியது. பஞ்ச காலத்தில் காலிச் சாக்கைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட ஜனங்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். பழைய தலைவர் பையை இடுக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆறு டின் அரிசியை என் வீட்டுக்காரர் தோளில் ஏற்றிக்கொண்டு சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து காட்டிவிட்டுத் திரும்பினார். எங்கள் வீடு பைப்புக்கு நேரெதிரேதான் இருந்தது.