அடுத்த வீட்டு நீல ஹைட்ரேஞ்சியா

எனக்கு வாய் ஓயாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரோடும் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பவரோடும் பேசி, அவர்கள் சொன்னதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவருக்குத் திரும்பச் சொல்லுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரேயொரு தடவை வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

இந்த வெள்ளைக்கார நாட்டில், நோர்பரியில் எங்கள் பின்தோட்டத்தில் வேலியோரமாக மூன்று ஹைட்ரேஞ்சியாக் கன்றுகள் வைத்திருந்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்த ஐரிஷ்காரி வேரோடு பிடுங்கித் தந்தவை. மெல்லிய இலை, வெள்ளைப் பூ. மாசி முடிவில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடு, பாவம் பார்த்தாயோ பூ சிறுத்துப்போகும் என்று சொல்லித் தந்தாள். அவள் சொன்னபடியே வெட்டினேன். கோடையில் ஒவ்வொரு பூவும் இளம்பச்சையாய் வந்து, வெளுத்து, இடியப்பத் தட்டளவுக்கு விரிந்தது. ஒரு குறைதான். மழை பெய்தால் தலைப்பாரம் தாங்காமல் தண்டுகள் சாய்ந்துவிடும். மூங்கில் தடி ஊன்றி, கணவர் உடுத்திப் பழசான சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். அப்படியும் பாதிப் பூ வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

அந்தப் பக்கத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் என்றதும் முதல் நாளே வடை சுட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்காரி என்னைவிட நாலைந்து வயது இளையவள். வடையை வாங்கிக்கொண்டே, ஜெர்மனியில் வீடுகள் இப்படி ஈரம் பிடித்துக் கிடக்காது என்றாள். சரி, களைப்பில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு மாலை வேலையிலிருந்து வந்து பார்த்தால், அந்தப் பக்கம் சாய்ந்திருந்த பூ ஒன்றையும் காணோம். எல்லாம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. கேட்டேன்.

"சாமிக்குத்தானே அக்கா வெட்டினனான். வேலிக்கு இங்காலை விழுந்தது எங்கடைதானே" என்றாள்.

சாமிக்கு என்று சொன்ன பிறகு நம்மவர்களில் யார் வாய் திறப்பது? ஊரில் விடியக்காலையில் அடுத்தவன் வேலியில் பூப் பிடுங்கினால் அதைக் களவு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. "ஜெர்மனியிலை உப்பிடிப் பூக்கண்டுகளை அடுத்த வீட்டுக்குள்ளை விழ விடமாட்டினம்" என்று ஒரு குத்தும் குத்தினாள். அன்றோடு பேச்சு முறிந்தது. சண்டைக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்து இங்கே வேலிச் சண்டை தொடங்கியிருக்கிறாய் என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கோடையில் அவளும் ஒரு ஹைட்ரேஞ்சியா வாங்கி வேலியோரம் நட்டாள். கொழுத்த இலை, குண்டு குண்டாய் நீலப்பூ. உண்மையைச் சொன்னால் அழகுதான். நான் பார்க்காத மாதிரிப் போனேன்.

மாசி முடிந்தது. வழக்கம்போல என் கன்றுகளை முழங்காலளவுக்கு வெட்டினேன். அவள் வீட்டு மேல்மாடி யன்னலில் திரைச்சேலை அசைந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் கையில் கத்தரியோடு இறங்கி வந்தாள். நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அவளுடைய நீல இனம் வேறு. என்னுடையது அந்த வருடம் விடுகிற புதுத் தண்டில் பூக்கும். அவளுடையதற்குப் பூ மொட்டு போன வருடத் தண்டின் நுனியிலேயே குளிர் முழுக்க உறங்கிக் கிடக்கும். அதை வெட்டினால் அந்தக் கோடைக்குப் பூ இல்லை. யன்னல் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். நான் அரிசியை மூன்றாம் தண்ணீரிலும் கழுவினேன். அவள் கடைசித் தண்டு வரைக்கும் வெட்டி முடித்தாள்.

கோடையில் அவளுடையது இலை இலையாய்த் தழைத்து நின்றது. ஒரு பூ இல்லை. என்னுடையது போன வருடத்தைவிடப் பெரிதாய்ப் பூத்தது. உடுப்புக் காயப்போட வந்த என்னிடம் அவள் வேலிக்கு மேலால் கேட்டாள்:

"யன்னலுக்குள்ளாலை நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டால் எந்தக் கண்டு பூக்கும்?"

அடுத்த நாள், கண்ணூறுக்கு நம்மவர்கள் தோட்டத்தில் வைக்கிற பானை வந்துவிட்டது. ஒரு மண் பூச்சட்டியைத் தடியில் கவிழ்த்து, வெள்ளைப் பெயிண்டால் புள்ளி குத்தி, கண்ணும் பல்லும் கீறியிருந்தாள். முகம் என் குசினி யன்னலைப் பார்த்தபடி. நான் பாத்திரம் கழுவுகிற நேரமெல்லாம் அது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. என் கண்ணில் ஊறு இல்லை என்று எனக்குத் தெரியும். வாயில் இருந்தது பானைக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அதுதான் என்னை அரித்தது. அவள் மீது கோபம் குறையவேயில்லை. ஆனாலும் செய்யாத குற்றத்துக்குப் பானை வைத்தவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. செய்த குற்றம் ஒன்று அங்கே இருந்தது.

மறுபடி மாசி முடிந்தது. மறுபடி அவள் கத்தரியோடு வந்தாள். ஒரு தண்டைப் பிடித்துக் குனிந்தபோது யன்னலைத் திறந்தேன்.

"வெட்டாதேங்கோ. உதின்ரை நுனியிலைதான் இந்த வருசப் பூ இருக்கு. என்ரை கண்டு வேறை, உங்கடை வேறை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிடித்திருந்த தண்டைக் கையிலிருந்து விட்டாள்.

"போன வருசமும் உது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.

கத்தரியை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவை மெல்லத்தான் சாத்தினாள். எனக்கு அது பெரிதாய்க் கேட்டது.

அந்தக் கோடையில் வேலிக்கு அந்தப் பக்கம் நீலமாய்ப் பூத்துக் குலுங்கியது. இந்தப் பக்கம் வெள்ளை. சாய்ந்த என் பூக்களை அவள் தொடவேயில்லை. அப்படியே கிடந்து காய்ந்தன. பானையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. மழையில் கழுவுண்டிருந்த புள்ளிகளுக்குப் புதுப் பெயிண்ட் வைத்திருந்தாள்.