கோபுரத்துக் காற்று

சிறுசேரியில் நான் துப்புரவு வேலை பார்க்கும் அலுவலகத்தின் மேல்மாடியில் ஒரு ஜன்னல் சரியாக மூடாது. காற்று பலமானால் அந்த இடுக்கு கூவும். கேட்டதும் என் கை வேலையை நிறுத்திவிடும்.

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் காவல் கோபுரமும் அப்படித்தான் கூவும். கப்பல் வருகிறதா என்று பார்க்க டச்சுக்காரர்கள் கட்டியது. என் சிறுவயதில் அங்கே வௌவால் நாற்றமும் இடிந்த படிகளும்தான் மிச்சம்.

புயல் காற்று கிளம்பிய ஒரு நாள், கடலுக்குப் போன நைனாவின் கட்டுமரம் திரும்பவில்லை. நைனா கடலில் இருக்கும்போது அம்மா கடலைப் பார்க்கவே மாட்டாள். குடிசைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அதனால் அத்தைதான் என்னை இழுத்துக்கொண்டு கோபுரம் ஏறினாள்.

"நல்லா பாருடி. எங்கண்ணன் பாயில நீல ஒட்டு இருக்கும். தெரியுதா?"

தூரத்தில் ஒரே ஒரு பாய் தெரிந்தது. அதில் மஞ்சள் ஒட்டு.

"நம்மளுது இல்ல அத்தே."

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். படியிறங்கி வீடு சேரும்வரை நான் அப்பா இல்லாத பெண்ணாக இருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா துள்ளி எழுந்தாள். "மஞ்சளா? நீலம் கிழிஞ்சிபோச்சுனு காத்தால நான்தான்டி என் பொடவையக் கிழிச்சித் தச்சேன்!"

கரைக்கு ஓடினோம். நைனா நடுங்கிக்கொண்டே வந்து இறங்கினார்.

இன்று ஜன்னல் கூவியதும் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"நைனா வூட்ல கீறாரா?"

"கீறாருடி," என்றாள் அம்மா. "இன்னா, அங்க காத்தடிக்குதா?"