நாற்பத்தொரு காலி வீடுகள்

சங்கரன்கோவிலில் எந்த வீடு காலியாகக் கிடக்கிறது என்பது புரோக்கர்களைவிட ஞானபூரணத்துக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் ரீடிங் எடுப்பது அவள் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தெருத் தெருவாகப் போய் மீட்டரைப் பார்த்துக் குறிப்பாள். போன தடவை இருந்த எண்ணே இந்தத் தடவையும் இருந்தால், உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். அவள் சுற்றும் பகுதியில் மட்டும் அப்படி நாற்பத்தொரு வீடுகள்.

அதனால்தான், வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னபோது அவள் கலங்கவில்லை. கணவன் விட்டுப் போய் ஆறு வருஷம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் காவியா, ஒரு பீரோ, ஒரு கட்டில். ஒரு குட்டியானை வண்டி போதும். வாடகை ஐயாயிரத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியரின் மாடி. காபி கொடுத்து உட்காரவைத்தார்.

"நீங்க என்ன ஆளுகன்னு நான் கேக்க மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது" என்றார். "சொந்த ஊரு எது?"

"திருவேங்கடம் சார்."

"திருவேங்கடத்துல எந்தத் தெரு?"

சொன்னாள்.

"அதுல மேலப்பக்கமா, கீழப்பக்கமா?"

அதையும் சொன்னாள். வெளிநாட்டிலிருக்கும் மகள் எந்த நேரமும் திரும்பி வந்துவிடலாம் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அடுத்த வீட்டுக்காரருக்கு ஊர் முக்கியமில்லை. "ஆம்பிள இல்லாத குடும்பத்துக்குக் குடுக்கிறதில்லம்மா. பாகுபாடுன்னு நெனச்சிராத. போன மாசம் பேங்குல வேல பாக்குற பையன் ஒருத்தன் வந்தான். பொம்பிள இல்லாத வீட்டுக்குக் குடுக்கிறதில்லன்னு அவனையும் அனுப்பிட்டேன்."

மூன்றாவதாக, ஜவுளிக்கடை மகாராஜனின் ஆறு போர்ஷன் வீடு. எதுவும் கேட்காமல் சாவியைக் கையில் வைத்துவிட்டார். ஞானபூரணம் பழக்கதோஷத்தில் சுவரிலிருந்த மீட்டர்களைப் பார்த்தாள். போன ரீடிங்கிலிருந்து ஆறும் நூறு யூனிட்டுக்குக் கீழேதான் ஓடியிருந்தன. அரசாங்கக் கணக்கில் நூறு வரை இலவசம்; ஆறுக்கும் பணம் கிடையாது. பக்கத்திலேயே ஒரு அட்டை தொங்கியது: 'யூனிட் பத்து ரூபாய். வாடகையோடு சேர்த்துக் கொடுக்கவும்.'

மகாராஜன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி."

"நீ கேக்கலம்மா. ஆனா பாத்துட்டேல்லா."

அந்த வாரமே ஊரில் பேச்சுப் பரவியது. ரீடிங் எடுக்கிற பொம்பிளை வீடு தேடுகிறாள். குடிவைத்தால் மீட்டருக்குக் காவல் வைத்த மாதிரி. வழக்கமாகத் தண்ணீர் கொடுக்கிறவர்கள்கூட அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். பூட்டியே கிடந்த ஒரு வீட்டின் சொந்தக்காரரைச் சென்னையில் போனில் பிடித்தாள்.

"அங்கன ஆள் குடியிருக்காங்களேம்மா" என்றார் அவர்.

"பதினாறு மாசமா ஒரு யூனிட்கூட ஓடலியே சார்?"

"ரொம்பச் சிக்கனமானவங்க."

கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தபோது ரீடிங் எடுக்க அப்துல் ஜப்பார் வீட்டுக்குப் போனாள். எட்டு வருஷமாக அவள் பயப்படும் ஒரே வீடு அது. ஜப்பார் கண்ணாடியும் நோட்டுமாகப் பக்கத்தில் நின்று, அவள் எழுதும் எண்ணைத் தானும் எழுதுவார். ஒரு யூனிட் வித்தியாசத்துக்காக ஆபீஸ்வரை வந்து சண்டை போட்டவர். அன்று, அவர் வாடகைக்கு விட்டிருந்த பின்வீட்டின் மீட்டர் சொற்பமாகத்தான் ஓடியிருந்தது.

"குடியிருந்தவங்க போன மாசமே தென்காசிக்குப் போயிட்டாங்க. எழுதிக்கோ" என்றார்.

எழுதினாள். கேட் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"பாய், எனக்கு வீடு வேணும். வீட்டுல ஆம்பிள கெடையாது."

"முன்வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன்லா. எம் பொஞ்சாதி மெஹர்பானு அதுவே அதிகம்ங்கா."

"கறி, மீனு சாப்பிடுவோம்."

"சாப்பிடாட்டிதாம்மா இங்கன பிரச்சன."

"எந்த ஊருன்னு கேக்கலியே?"

"எதுக்கு? ஊருக்கு வந்தா வாடக வாங்கப் போறேன்?"

கடைசியாக, தயங்கித் தயங்கி, "நான் ரீடிங் எடுக்கிறவ பாய்" என்றாள்.

ஜப்பார் கண்ணாடியைக் கழற்றினார். "அது தெரியாமயா எட்டு வருசமா ஒங்கூடச் சண்ட போடுதேன்? மீட்டருல நான் எதுவும் மறைக்கலம்மா. நீ தாராளமா வா."

வாடகை நாலாயிரத்து எண்ணூறு. ஞானபூரணத்துக்கு அழுகை வந்தது. மீட்டர் பெட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பால் காய்ச்சிய அன்று காவியா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆணி அடிச்சுக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள்.

"எத்தன?"

"மூணு."

ஜப்பார் வெகுநேரம் யோசித்தார். "ரெண்டு அடிச்சுக்கோ. மூணாவது எங்கன அடிக்கணும்னு நான் வந்து பாத்துச் சொல்லுதேன்."