கிருபாபாய் ஆகாயத்தில் செய்த ஜெபம்

சித்தூர் மிஷன் பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்த கிருபாபாய்க்கு இரண்டு விஷயத்தில் பெயர் உண்டு. ஒன்று அவள் வைக்கும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. இன்னொன்று அவள் செய்யும் ஜெபம். குழம்பு சீக்கிரம் இறங்கிவிடும். ஜெபம் அவ்வளவு லேசில் இறங்காது.

சாப்பாட்டுக்கு முன்னால் அவளை ஜெபிக்கச் சொன்னால் ரசம் ஆறிப்போகும் என்பது விடுதிப் பிள்ளைகளுக்குத் தெரியும். முதலில் பேராயர், அப்புறம் போதகர், சபையிலுள்ள விதவைகள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள், விடுதிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, மழை, சர்க்கார், சாலையில் போகிறவர்கள், கடலில் போகிறவர்கள் என்று வரிசை நீளும். ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குத் தாவுவது அவளால் ஆகாத காரியம். நடுவில் கண்ணைத் திறப்பதும் ஆகாது. அவளுடைய நைனா குடுபல்லிப் பக்கத்துக் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர். ஆமென் சொல்வதற்கு முன் கண் திறந்த பிள்ளைக்கு அன்று வெறும் சோறுதான், குழம்பு கிடையாது. அந்தக் கண்டிப்பு ஐம்பது வயதிலும் அவள் இமைமேல் உட்கார்ந்திருந்தது.

பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சல் வந்தால், 'கிருபாக்காவைக் கூப்பிடு' என்றுதான் முனகும். அவள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபத்தைத் தொடங்கினால் முடிவதற்குள் பிள்ளை தூங்கியிருக்கும். அதற்கு மேல் என்ன வேண்டும்.

அவள் புருஷன் நேசகுமார் மெட்ராஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்யாணமாகி ராயபுரத்தில் குடித்தனம். நாள் செல்லச் செல்ல அவருக்குப் பார்வை மங்கியது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றார். அப்புறம் விளக்கே தெரியவில்லை என்றார். பெரிய டாக்டர்கள் பார்த்து, நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கிருபாபாய் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, அவர் கையைப் பிடித்துச் சித்தூருக்கு பஸ் ஏறினாள். விடுதியில் வேலை கேட்டு வாங்கினாள். அவர் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டார். பிழைப்பு நடந்தது.

சாயந்திரம் அவள் வேலை முடிந்து வந்ததும் அவர் கேட்பார்.

"இன்னிக்கி இன்னா பாத்தே?"

அவள் சொல்வாள். மார்க்கெட்டில் பூசணிக்காய் குவிந்து கிடந்ததை, வார்டனம்மாவின் புதுப் புடவையை, நீவா ஆற்றில் துளி தண்ணீர் இல்லாததை, எல்லாம் சொல்வாள். அவள் சொன்னால் அது அவருக்கு உண்டு. சொல்லாவிட்டால் இல்லை. அது தெரிந்ததால் அவள் பார்க்காத ஒன்றை ஒருநாளும் பார்த்ததாகச் சொன்னதில்லை. நிறம் மறந்துபோனால், "பச்சையா நீலமானு பாக்கலீங்க" என்று ஒப்புக்கொள்வாள். கூட்டிச் சொல்லி ஒரு மனுஷனைக் குளிரவைப்பது எளிது. கிருபாபாய் அந்த எளிய வழியில் போனதே இல்லை. இந்த ஒன்றுக்காகவே அவளைக் கும்பிடலாம்.

எண்பத்திரண்டாம் வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் ஏலம். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த சேவல், பரங்கிக்காய், வெல்ல உருண்டை, கேக்கு எல்லாம் ஏலத்துக்கு வரும். நல்ல பொருளாக இருந்தால் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். 'சபைக்கே' என்று திருப்பிக் கொடுப்பார், அது மறுபடி ஏலம் போகும். ஒரே சேவல் நாலு பேர் கைக்குப் போய்த் திரும்பி வருவதும் உண்டு. அதுதான் மரியாதை.

அந்த வருஷம் ஒரு புதுச் சரக்கு வந்தது. சபைப் பிள்ளை எர்னஸ்ட் மெட்ராஸில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்த்தான். அங்கே பொருட்காட்சி மைதானத்திலிருந்து ஹெலிகாப்டரில் ஆட்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், அதற்கு ஒரு டிக்கெட்டைக் காணிக்கையாக அனுப்பியிருந்தான். ஏலம் விட்ட பிரகாசம் அதைத் தூக்கிக் காட்டியதும் சிரிப்பு எழுந்தது. அரிசி மில்காரர் எடுத்தார், 'சபைக்கே' என்றார். ரிடையரான ஹெட்மாஸ்டர் எடுத்தார், அவரும் 'சபைக்கே' என்றார்.

கிருபாபாய் தோளைப் பிடித்தபடி நின்ற நேசகுமார் மெல்லச் சொன்னார்.

"அத்தினி வருசம் ஹார்பர்லயே கெடந்தேன். மேல இருந்து பாத்தா அது எப்பிடி இருக்கும்னு தெரியாமயே பூட்டுது."

அவள் கை உயர்ந்தது. புதுத் தோடு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் கையோடு சேர்ந்து உயர்ந்தது. டிக்கெட் அவளுக்கு வந்தது. பிரகாசம் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"சபைக்கேதானேக்கா?"

"இல்ல பிரகாசம். இது எனக்கு வேணும்."

டிக்கெட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். பின்னால் யாரோ 'ச்சு' கொட்டியது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர்தான் போக வேண்டும் என்று அவள் வாங்கியிருந்தாள், எடுத்துச் சொல்லியும் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"கண்ணு தெரியாதவன் மேல போயி இன்னா பண்றது? இருட்டு எங்க போனாலும் இருட்டுதான். நீ போ. பாத்துட்டு வந்து சொல்லு."

"எனக்கு முக்காலி மேல ஏறுனாலே தல சுத்துது. ஆகாசத்துக்கு அனுப்பறீங்களே."

"சுத்தட்டும். கண்ண மட்டும் தெறந்து வச்சிக்கோ, போதும். அந்தத் தொறமுகத்து மதிலு ரெண்டும் கடலுக்குள்ள கை நீட்டிக்கினு இருக்கிறாப்பல இருக்கும்னு கப்பல்காரன் ஒருத்தன் சொன்னான். அது மெய்யானு பாத்துட்டு வா."

இந்த மனுஷன் தனக்கென்று எதையுமே கேட்டதில்லை. ஒரு புதுச் சட்டை கேட்டதில்லை, வாய்க்கு ருசியாக ஒன்று கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். முக்காலிப் பயத்தைக் காட்டி இதை எப்படி மறுப்பது? அவள் சரி என்றாள். அன்றிலிருந்து சாமான் அறையில் யாரும் இல்லாதபோது முக்காலிமேல் ஏறி நின்று பழகினாள். மேல்தட்டு டப்பாக்களைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்திருக்க முயன்றாள். இதைப் பார்த்த பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ, தெரியாது.

குறித்த நாளுக்கு முந்தின தினமே இருவரும் நகரி வழியாக மெட்ராஸ் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். காலை வெயில் ஏறும் நேரத்துக்கு மைதானத்தில் இருந்தார்கள். கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். அங்கே ஒரு தராசு. எடை போட்டுத்தான் ஏற்றுவார்களாம். தராசு முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அங்கே நின்ற பையன், "நீங்க நடுவுல உக்காருங்கம்மா, பேலன்ஸ் ஆகும்" என்றான். அவள் புளி மூட்டையைப் போல நடுவில் வைக்கப்பட்டாள். முன்னால் ஓட்டுகிறவர். இவளுக்கு இந்தப் பக்கம் ஒரு சேட்டு, அந்தப் பக்கம் புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, அவள் புருஷன் முன் சீட்டில்.

தலைக்கு மேல் இறக்கை சுழலத் தொடங்கியது. பல்லெல்லாம் கடகடவென்று ஆடியது. பயணம் புறப்படும்போது ஜெபிக்காமல் புறப்படுகிற வழக்கம் அவள் வம்சத்திலேயே கிடையாது. காட்பாடிக்குப் போனாலும் ஜெபித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். சின்னதாக ஒன்று செய்துவிடலாம் என்று கண்ணை மூடினாள்.

'கிருபையுள்ள பரம தகப்பனே' என்று ஆரம்பித்ததும் வயிற்றுக்குக் கீழே தரை விலகியது. அவ்வளவுதான். நாக்கு தானாகப் பழகிய பாதையில் ஓடத் தொடங்கிவிட்டது. பேராயர் வந்தார். போதகர் வந்தார், போதகரின் முழங்கால் வலி வந்தது. பக்கத்துப் பெண் "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று கத்துவது கேட்டது. கிருபாபாய் அப்போது விதவைகள் வரிசையில் இருந்தாள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் தபீதாளைச் சொல்லிவிட்டு ஞானசௌந்தரியைச் சொல்லாமல் விடுவது எப்படி? போன வாரம்தான் அவளுக்கு ஆபரேஷன். அப்புறம் விடுதிப் பிள்ளைகள். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது, அவள் சேட்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மழைக்காக மன்றாடினாள். பயத்தில் மூடிய கண்ணா, பக்தியில் மூடிய கண்ணா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கடலில் போகிறவர்களுக்குப் பிறகு ஆகாயத்தில் போகிறவர்களைப் புதிதாகச் சேர்த்தாள், இந்த வண்டியை ஓட்டுகிற பிள்ளையையும் அவன் தாய் தகப்பனையும் ஒப்புக்கொடுத்தாள், ஆமென் என்றாள், கண்ணைத் திறந்தாள்.

எதிரே புல். கயிறு. தராசுப் பையன் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"எறங்குங்கம்மா."

"அதுக்குள்ளவா?"

"முடிஞ்சிடுச்சும்மா."

சேட்டு கையைத் தடவிக்கொண்டு இறங்கிப்போனார். கிருபாபாய் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். தோடு போனதுகூடப் பெரிதில்லை. பெஞ்சில் அந்த மனுஷன் முகத்தை ஆகாயத்தைப் பார்க்க நிமிர்த்தி, குழந்தைமாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் கேக்க மாட்டேன். மொதல்ல பஸ்ஸுல ஏறி உக்காருவோம். அப்பறம் நிதானமா சொல்லு" என்றார் அவர்.

பஸ் ஆவடி தாண்டும் வரை அவர் கேட்கவில்லை. ஒரு பொய் போதும், அவர் சந்தோஷப்பட்டுவிடுவார் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

"சொல்லு கிருபா. இன்னா பாத்தே?"

"கப்பலுங்க இருந்திச்சி."

"எந்த மாதிரி?"

"பெரிசு" என்றாள். அதற்கு மேல் பொய் வரவில்லை. "இல்லீங்க. நான் ஒண்ணுமே பாக்கல. ஏறுனதும் ஜெபம் பண்ணக் கண்ண மூடுனேன். ஆமென் சொல்லித் தெறந்தா கீழ எறக்கிட்டான். ஒங்க மதிலப் பாக்கல. ஒரு காக்காயக் கூடப் பாக்கல."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேசகுமார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லார் பேரும் சொன்னியா?"

"சொன்னேன்."

"சரி, அழாத. கண்ண மூடிக்கினு இருந்தப்ப இன்னா தெரிஞ்சிது? அதச் சொல்லு."

"இன்னா தெரியும்? மொதல்ல நாத்தம். அப்பறம் இந்த வலப்பக்கத்துக் கன்னத்துல வெயிலு சுள்ளுனு அடிச்சிது."

"கூவம் நாத்தம். அதத் தாண்டி வடக்கால திரும்பிட்டான். நானும் கீழ சத்தத்துப் பின்னாலயே காத வச்சிக்கினு இருந்தேன், வடக்காலதான் போச்சி. அப்பறம்?"

"கரி வாசன வந்திச்சி. ரயிலு எஞ்சின்கிட்ட வருமே, அந்த மாதிரி."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நெலக்கரி எறக்குற எடம். என் கிரேன் அதுக்குப் பக்கத்துலதான் நின்னுது. அது மேலதான் நீ போயிருக்கே. அப்பறம் மீன் வாசன வந்திருக்கணுமே?"

"வந்திச்சி. கருவாட்டு வாசன. நான் அப்ப பிள்ளைங்களுக்கு ஜெபிச்சிக்கினு இருந்தேன்."

"காசிமேடு. நம்ம பழைய ராயபுரம் வூடு அதுக்குப் பக்கத்துலதான். அங்க சாஞ்சானா?"

"சாஞ்சான். வெயிலு எடது கன்னத்துக்கு வந்திட்டுது. குளுகுளுனு காத்து. அப்பதாங்க, கண்ண மூடியிருந்தும் உள்ள செவசெவனு ஒரே வெளிச்சம்."

"கடலு" என்றார் அவர், மிக மெதுவாக. "காலை வெயில்ல தண்ணி மேல பட்டு எழும்பும். கிரேன்ல இருந்தப்ப எனக்கும் அப்பிடித்தான் கண்ணு கூசும்."

அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். அவர் அவள் உள்ளங்கையை எடுத்து மடிமேல் விரித்து, விரலால் கோடு இழுத்தார். இது கரை, இது கூவம் கடலில் சேரும் இடம், இது கோட்டை. இங்கே கரி, இங்கே மீன், இங்கே வண்டி திரும்பியது. இந்தப் பக்கமாக வந்து மணல், வெளிச்சவீடு, சாந்தோம் கோபுரம். மறுபடி வலது கன்னத்தில் வெயில் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள். அங்கேதான் ஊர்ப்பக்கம் திரும்பினான் என்றார். பிரம்பு பின்னித் தடித்த விரல் அவள் கையில் ஊர்ந்து போக, அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் எங்கே போய் வந்தோம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அந்த மதிலு?" என்று கேட்டாள்.

"அத நீயும் பாக்கல, நானும் பாக்கல. உடு. கப்பல்காரன் சொன்னதயே நம்பிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். டிக்கெட்டைத் திருப்பித் தராததற்கு 'ச்சு' கொட்டியவர்களும் அதில் உண்டு. அவள் எதையும் மறைக்கவில்லை. கண்ணை மூடியதையும் ஜெபம் நீண்டதையும் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் கூவத்திலிருந்து சாந்தோம் வரை, எதற்கு அடுத்து எது என்று கையை விரித்து வைத்துச் சொன்னாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"கண்ணத்தான் தெறக்கலியே, இதெல்லாம் எப்பிடிக்கா தெரியும்?" என்று தபீதாள் கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு காட்டுனாரு."

"அவுரு கீழ பெஞ்சுலதானே குந்தினு இருந்தாரு?"

"ஆமா. குந்திக்கினேதான் காட்டுனாரு" என்றாள் கிருபாபாய். கோயில் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.