இடுப்பில் தொங்கிய சாவி

ரெட்டியார்பாளையம் டைல்ஸ் கடை மேனேஜரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. விடைத்த காது, வாயில் எப்போதும் பாக்கு. பேசும்போதெல்லாம் இடுப்பில் தொங்கும் மேசை டிராயர் சாவியைத் தடவுவார். வேலைக்குச் சேருகிறவர்களின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி அந்த டிராயரில்தான் பூட்டுவார்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரமே உழவர்கரையில் ஒரு கம்பெனி ஆறாயிரம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. போவதா வேண்டாமா என்று குழம்பியபடியே சர்ட்டிபிகேட்டைக் கேட்டேன்.

"வந்து ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள தொரைக்கு வேற வேலையா? ஆறு மாசம் இரு, மொதலாளிகிட்ட சொல்லி ஏத்தித் தர்றேன்."

"மொதல்ல அதக் குடுங்க சார். இருக்கறதா போறதான்னு அப்புறம் சொல்றேன்."

திட்டிக்கொண்டே டிராயரைத் திறந்தார். "தேடி எடுத்துக்க."

உள்ளே இருந்த சர்ட்டிபிகேட் கட்டின் அடியில் பழுப்பேறிய ஒரு டிப்ளமோ சர்ட்டிபிகேட் கிடந்தது. அதில் அவர் பெயர்.

"இது உங்களுதா சார்?"

"சேரும்போது மொதலாளி கேட்டாரு, குடுத்தேன். இருவது வருசம் ஆச்சு."

"சாவிதான் உங்ககிட்டயே இருக்கே?"

"எடுத்துக்கன்னு அவரு சொல்லலியே."

என்னுடையதை எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே வேலையை விட்டேன். ஓடுகாலி என்று கடை முழுக்கக் கேட்கும்படி திட்டினார். திட்டட்டும். ஆனால் தன் சர்ட்டிபிகேட்டைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டி, பூட்டு விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாரே, அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.