மாமாவின் ரைட்

என் அக்கா கணவர் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் சோபா காலியாகக் கிடந்தாலும் பிரிட்ஜில் சாய்ந்து, கால்களை அகட்டி நின்றுதான் காபி குடிப்பார். லிப்டில் ஏறினால் முன்பின் தெரியாதவர்களிடம், "உள்ள தள்ளி நில்லுங்க, நடுவுல எடம் இருக்கு" என்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

போன் பேசி முடித்தாலும் சரி, அக்கா சோறு போட்டு முடித்தாலும் சரி, "ரைட்" என்பார். கிளம்பலாம், ஆகட்டும், போதும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். என் கல்யாணப் பேச்சில் இரண்டு வீட்டாரும் இழுத்துக்கொண்டிருந்தபோது, "ரைட், போலாம்" என்று முடித்து வைத்தவரும் அவரே. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்று பையையும் விசிலையும் டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டப் போய்விடுவாள். இவர் ஜன்னலில் நின்று, தெருவில் ரிவர்ஸ் எடுக்கும் வண்டிகளுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துத்தான், கரடுமுரடான மலைப்பாதையில் வண்டி ஏற்றும் எங்கள் குழுவின் பயணத்துக்குக் கூப்பிட்டேன். "முன்னால நின்னு சக்கரத்துக்கு வழி காட்ட ஒரு ஆள் வேணும் மாமா" என்றதும் மனிதர் அன்றே போய்ப் புது ஷூ வாங்கிவிட்டார். பத்து நாள் அதை வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினாராம்.

மூன்று வண்டிகள். முதலில் எங்கள் குழுத் தலைவரான பல் டாக்டர், அடுத்து என் புது பிக்கப்பில் நான், கடைசியில் என் பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு அக்கா, பக்கத்தில் மாமா. பாதி மலையில் பாதை படிக்கட்டு மாதிரி வெறும் பாறையாகிவிட்டது. வலப்பக்கம் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம். டாக்டர் நெளிந்து நெளிந்து ஏறிவிட்டார். அடுத்து என் முறை. மாமா பாறைமேல் நின்று, என் சக்கரங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, டிப்போவுக்கே கேட்கிற குரலில் "ரைட், ரைட்" என்றார்.

நான் ரைட்டில் திருப்பினேன். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது.

டாக்டர் மேலிருந்து கம்பி வடம் கட்டி இழுத்தார். பிடுங்குவது அவருக்குப் புதிதில்லை.

"நேரா வான்னுதானே மாப்ள சொன்னேன்" என்றார் மாமா. எனக்கோ புது வண்டி அடிவாங்கிய எரிச்சல்.

"இனிமே அந்த வார்த்தை உங்க வாயில வரக் கூடாது. பேசாம வண்டியில போய் உக்காருங்க."

மாமா போய் உட்கார்ந்தார். குனிந்து, புது ஷூவில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே இருந்தார். சொன்ன கணமே எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

அக்காவுக்கு வழி சொல்ல டாக்டரே இறங்கி வந்து பாறைமேல் நின்றார். அக்கா எஞ்சினை அணைத்தாள்.

"நீங்க தள்ளிக்குங்க டாக்டர். இவர் வந்து நிக்கட்டும்."

மாமா தயங்கித் தயங்கி இறங்கி வந்தார். "நேரா... கொஞ்சம் வலது... இல்ல, நேரா" என்று தடுமாறினார். பல் பிடுங்கிய பாம்பு மாதிரி நின்றார், அதுவும் ஒரு பல் டாக்டர் பக்கத்தில். பாதி ஏறிய வண்டி ஒரு முழம் பின்னால் சறுக்கியது. சக்கரத்தடியிலிருந்து கிளம்பிய கல் ஒன்று பள்ளத்தில் வெகுநேரம் உருண்டது.

அக்கா பிரேக்கை மிதித்தபடியே தலையை வெளியே நீட்டினாள்.

"இருபத்தாறு வருஷமா நீங்க ரைட்டுன்னு சொல்லித்தான் நான் வாசப்படி தாண்டுறேன். வலது எது, கிளம்புறது எதுன்னு எனக்குத் தெரியாதா? அவன் கெடக்கான். நீங்க சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

முதல் ரைட் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது எதிர்மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. அக்கா ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவுகூட அசைக்காமல் நேராக ஏறி வந்தாள். மாமா பின்னாலேயே நடந்து வந்தார். பழக்கதோஷம், படியில் தொற்றிக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம்.

சாயங்காலம் இறங்கும்போது அதே பாறை. மாமா அக்கா வண்டிக்கு வழி சொல்லி முதலில் இறக்கிவிட்டு, என் வண்டிக்கு முன்னால் வந்தார்.

"உனக்கு நேரான்னே சொல்றேன் மாப்ள" என்றார் மெதுவாக.

"வேணாம் மாமா. ரைட்டுன்னே சொல்லுங்க."

"உனக்குப் புரியுமா?"

"இப்பப் புரியும். காலையில தப்பு என்னோடது."

மாமா பஸ்ஸைத் தட்டுவதுபோல என் பானட்டில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். மோதிரம் பட்டுப் புது பெயின்டில் நீளமாக ஒரு கீறல்.

"ரைட்" என்றார். நான் கிளம்பினேன். கீறல் அப்படியே இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடிக்க நான் யாரையும் விடவில்லை.